ஏழாவது சீலிங் அட்டை

என் பெயரும் தகப்பனார் பெயரும் தனித்தாளில் உள்ளன. வயது எழுபத்தொன்று. வசிப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள தெருவில் பதினேழாம் எண் வீடு. தெருவில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘புரூஃப் சார்’ என்றால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போவார்கள். ஓர் அச்சகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவன். பிறர் செய்த தவறுகளைக் கண்டுபிடிப்பதே முழுநேர வேலையாக இருந்ததால் சொந்தமாகத் தவறு செய்ய நேரம் கிடைக்கவில்லை. என் பேரில் இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது.

இந்த வாக்குமூலம் என் வீட்டுப் படுக்கையறையில், என் மனைவியின் கட்டிலருகே பதிவாகிறது. நான் சொல்லச் சொல்ல உதவி ஆய்வாளர் எழுதிக்கொள்கிறார். புகார் கொடுத்த சீலிங் காண்ட்ராக்டர் கதவருகே நிற்கிறார். காவலர் ஒருவர் ஏணியைப் போட்டு, அதன் இரண்டாவது படியில் ஏறி, ஸ்க்ரூ டிரைவருடன் உத்தரவுக்குக் காத்திருக்கிறார். தொண்டிப் பொருள் (களவுபோன சீலிங் அட்டைகள்) கட்டிலுக்கு மேலே, கூரையில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டதும் அதைக் கழற்றிக் கொண்டுபோக வேண்டும் என்பது நடைமுறை என்று எனக்குச் சொல்லப்பட்டது.

முதலில் ஒரு திருத்தம். புகாரில் திருடுபோனவை ஆறு அட்டைகள் என்று இருக்கிறது. நான் எடுத்தது ஏழு. ஒன்றைக் குறைத்துச் சொல்வது எனக்கு நல்லது என்று உதவி ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். எண்ணிக்கை தப்பாக இருக்கும் தாளில் என்னால் கையெழுத்துப் போட முடியாது.

என் மனைவிக்கு வயது அறுபத்தெட்டு. தொலைபேசி நிலையத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவள். எதிரே ஒரு பலகை நிறையத் துளைகள் இருக்கும். எந்தத் துளை எந்த ஊர் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் பக்கவாதம் வந்து பேச்சும் கைகால்களும் போயின. எழுத்துகளும் போயின, எவ்வளவு பெரிதாக எழுதிக் காட்டினாலும் அவளுக்கு அவை வெறும் கோடுகள்தான் என்று மருத்துவர் சொன்னார். கேட்பது, புரிந்துகொள்வது, கோபப்படுவது ஆகிய மூன்றும் முன்போலவே உள்ளன. கண்களை எல்லாப் பக்கமும் திருப்புவாள். ஏதாவது கேட்டால், வேண்டாம் என்பதற்குக் கண்ணை மூடுவாள். வேண்டும் என்றால் மூடமாட்டாள்.

அதன் பிறகு வந்த மூன்று ஆண்டுகளில் எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. அவளுக்குத் தண்ணீர் வேண்டுமா, திருப்பிப் படுக்கவைக்க வேண்டுமா, ஃபேனைக் குறைக்க வேண்டுமா என்பதையெல்லாம் நான் கேள்வி கேட்காமலே தெரிந்துகொண்டு செய்வேன். பார்க்க வருகிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். எதிர் வீட்டு அம்மா ஒரு நாள் பத்துப் பேர் முன்னால், “கண்ணைப் பாத்தே மனசைப் படிச்சிடறாரே! என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, வாயைத் திறந்து கத்தினாலும் காதுல ஏறாது” என்றார். நான் மறுக்கவில்லை. “நாப்பத்தஞ்சு வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்கோமில்ல” என்று மட்டும் சொன்னேன். அப்போதெல்லாம் என் மனைவி பார்வையை உயர்த்தி இடது மூலையைப் பார்ப்பாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

வீடு கட்டி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முன்னறைச் சுவரில் பழுப்பு நிறப் பெரிய பூக்கள் அச்சடித்த காகிதம் ஒட்டியிருந்தது. நடையின் இருபுறமும் இடுப்புயரத்துக்கு மரப்பலகை. படுக்கையறைக் கூரையில் இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக, சிறு துளைகள் போட்ட சீலிங் அட்டைகள் முப்பத்தாறு. மேலே எப்போதோ ஒழுகியதில் சிலவற்றில் கறை, சில வெடித்தவை, ஒன்று மூலை கிழிந்தது. அதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று வெளியூரில் இருக்கும் என் மகள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “அம்மா நாள் முழுக்க மல்லாந்து படுத்து அந்தக் கறையத்தாம்ப்பா பாக்கறா. நமக்கே சகிக்கல. ஒரு நல்ல கூரையைப் பாத்துக்கிட்டுப் படுக்கக் குடுத்து வைக்கலையா அவளுக்கு?” என்றாள். அவள் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. கறை என்பது தப்பாக விழுந்த மை. கண்டால் நீக்குவதுதான் என் பழக்கம்.

அதன் பிறகு சென்ற மாதம் என் மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் பத்து நாள் சேர்க்க நேர்ந்தது. அவள் திரும்பி வருவதற்குள் வேலையை முடித்து அவளை அசத்திவிட வேண்டும் என்று மகள் சொல்ல, நான் ஒப்புக்கொண்டேன். மேற்படி காண்ட்ராக்டர் வந்தார். உள்ளே நீர்க்குமிழி ஓடும் ரசமட்டத்தை அவர் எப்போதும் கையில் வைத்திருப்பதால் அவருடைய ஆட்கள் அவருக்கு ‘ரசமட்டம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இது அவருக்குத் தெரியாது என்று இதுவரை நினைத்திருந்தேன். இப்போது கதவருகே நின்று தலையாட்டுகிறார். அவர் கொடுத்த ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அதன் ஒன்பதாவது விதி, கழற்றப்படும் பழைய பொருட்கள் யாவும் ஒப்பந்தக்காரருக்கே சொந்தம் என்கிறது. நான் அதைப் படிக்கவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஊரார் எழுதியதையெல்லாம் வரிவிடாமல் படித்தவன், என் கூரையைப் பற்றிய ஒரு தாளைப் படிக்காமல் போட்ட கையெழுத்து இது. 

வேலை சுத்தமாக நடந்தது. காகிதத்தை நனைத்துச் சுரண்டினார்கள். பலகைகளைப் பெயர்த்தார்கள். சுவருக்கு இரண்டு முறை பட்டி பார்த்துத் தேய்த்து வெள்ளை அடித்தார்கள். படுக்கையறையில் அட்டைகளைக் கழற்றி, ஜிப்சம் பலகை அடித்து, இணைப்பே தெரியாமல் பூசினார்கள். கடைசி நாள் காண்ட்ராக்டர் என்னை அறை நடுவில் நிறுத்தி, “மேல பாருங்க சார். எங்கயாவது கண்ணு தட்டுதா? பார்வை வச்சா வழுக்கிட்டுப் போகணும், அதான் நம்ம வேலை” என்றார். தட்டவில்லை. அவர் சொன்னது முழுவதும் உண்மை என்பதை அவருக்குச் சாதகமாகப் பதிவுசெய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு என் மனைவியை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் படுக்கவைத்தோம். மகள், “அம்மா, மேல பாரேன்!” என்றாள். என் மனைவி பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். கதவுக்கு மேலே பார்த்தாள். மறுபடி வலது பக்கம் வந்தாள். வெகுநாள் கழித்துத் தெரிந்தவர் வீட்டுக்குப் போய், அவர்கள் காலி செய்துவிட்டார்கள் என்பதை நம்பாமல் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்க்கிறவர் போலப் பார்த்தாள். “பிடிச்சிருக்குப்பா, ஒரு மூலை விடாம பாக்கறா” என்று மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

அன்று பகல் பதினொரு மணிக்கு என் மனைவி எதையோ கேட்டாள். தண்ணீர் எடுத்து வந்தேன்; கண்ணை மூடினாள். திருப்பிப் படுக்கவைத்தேன், மூடினாள். ஃபேன், போர்வை, தலையணை, ஜன்னல் என்று பதினொரு பொருட்களைப் பற்றிக் கேட்டேன். பதினொரு முறையும் மூடினாள். பன்னிரண்டாவது முறை திறக்கவே இல்லை. அப்படியே நான்கு நாள் போயிற்று. நான் கேட்பதற்கு அவளால் பதில் சொல்ல முடிந்தது. தானாக ஒரு பேச்சை ஆரம்பிக்க முடியவில்லை. நாற்பத்தைந்து வருடத்தில் எங்கள் வீட்டில் பேச்சை ஆரம்பிப்பவள் அவள்தான். முடிப்பவளும் அவளே.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸம்மா ஐந்தாம் நாள், “சார், அக்கா மேல எதையோ தேடறாங்க. கண்ணு நிலைகொள்ளாம அலையுது” என்றார். எனக்குப் புரியவில்லை. அன்று மாலை காண்ட்ராக்டர் தம் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்த படங்கள் இரண்டை என் போனுக்கு அனுப்பினார். முதல் படம் வேலைக்கு முன், இரண்டாவது வேலைக்குப் பின். முதல் படத்தைப் பார்த்தேன். அதன் பிறகு போனைத் திருப்பி மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவள் கண்கள் அந்தச் சின்னப் படத்தில் ஓரிடத்தில் போய் நின்று அசையவில்லை. அங்கே கூஜா வடிவத்தில் ஒரு கறை இருந்தது. தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்தாள்.

நான் அவள் மனதை ஒரு நாளும் படிக்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியவந்தது. மூன்று ஆண்டுகளாக அவள்தான் கூரையில் ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் இணைப்பு வைத்து, நான் சரியாகச் செய்யும்வரை அங்கேயே பார்த்துப் பார்த்து, நான் அறியாமலே என்னைப் பழக்கியிருந்தாள். வேலையை அவள் செய்தாள். பேரை நான் வாங்கிக்கொண்டேன்.

உதவி ஆய்வாளர் கேட்டபடி அட்டைகளின் விவரம். கட்டிலுக்கு வலப்பக்கம் கூஜாக் கறை போட்டது, தண்ணீர். ஜன்னலோரம் நீளமாக வெடித்தது, திருப்பிப் படுக்கவை. ஃபேனை ஒட்டிக் கரி படிந்தது, ஃபேன். கதவுக்கு மேலே ஆணி துளைத்தது, வந்தவரை அனுப்பிவை. வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டது, மகளைக் கூப்பிடு. அவள் எட்டு வயதில் பந்தெறிந்து உடைத்து, நான் ஒட்டிய இடம் அது. இடது மேல் மூலையில், முனை கிழிந்தது, பொய். நான் யாரிடமாவது எதையாவது கூட்டிச் சொல்லும்போதும், ‘மருந்து கசக்காது’ என்று அவளிடம் சொல்லும்போதும் அவள் அதைத்தான் பார்ப்பாள். எதிர் வீட்டு அம்மா என்னைப் புகழ்ந்த நாளில் அவள் பார்த்ததும் அதுதான். ஆக ஆறு.

ஏழாவது அட்டையில் கறையோ வெடிப்போ இல்லை. துளை வரிசையில் ஒரே ஒரு துளை மட்டும் போடாமல் விடுபட்டிருக்கும். முப்பத்தாறு அட்டையில் அப்படி அது ஒன்றுதான். தண்ணீர் குடித்து, திருப்பிப் படுத்து, வேண்டியதெல்லாம் ஆன பிறகு, நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கும்போது அவள் அதைப் பார்ப்பாள். நான் எழுந்து எதையாவது எடுத்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். உட்கார்ந்தால் மறுபடி அதைப் பார்ப்பாள். அதன் பொருள் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு எடுத்த முயற்சிகள்: அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கூரையில் ஒட்டினேன். அது அறை வாசலில் நின்று சாய்வாக எடுத்த படம்; கட்டிலில் படுத்துப் பார்த்தால் எந்தக் கறையும் அதனதன் இடத்தில் இல்லை. கிழித்துவிட்டு, நினைவிலிருந்து கரியால் கூஜா வரைந்தேன். அது வாத்து போல வந்தது. என் மனைவி அதை வெகுநேரம் பார்த்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் சிரிப்பது மூக்கில் வரும் ஒரு சிறிய ஓசை; அது வந்தது. ஆனால் தண்ணீருக்கு அவள் அந்த வாத்தைப் பயன்படுத்தவில்லை.

ஆகவே காண்ட்ராக்டருக்குப் போன் செய்து, பழைய அட்டைகளில் ஏழு மட்டும் திருப்பிக் கொடுக்கக் கேட்டேன். அவை ஊருக்கு வெளியே ஒரு கோழிப் பண்ணைக்காரருக்குக் கொட்டகைக்கு அடிக்கப் பேசியாயிற்று என்றார். எதற்கு என்று கேட்டார். மறுபடி மேலே மாட்டுவதற்கு என்றேன்.  “சார், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? நேராச் சொல்லிடுங்க. அந்தக் குப்பையை என் வேலை மேல மாட்டினா நாளைக்கு எவன் சார் என்னைக் கூப்பிடுவான்?” என்றார். நான் விளக்கினேன். போனில் விளக்கக்கூடிய விஷயமாக அது இல்லை. அவர் என் மகளுக்குப் போன் செய்து, அப்பாவை டாக்டரிடம் காட்டும்படி சொல்லியிருக்கிறார். மகள் எனக்குப் போன் செய்து, “அப்பா, நீங்க நல்லா தூங்கறீங்களா?” என்று கேட்டாள்.

அதன் பிறகு, புகாரில் கண்ட நாளில், பகல் ஒன்றேகால் மணிக்கு நான் காண்ட்ராக்டரின் கிடங்குக்குப் போனேன். காவலாளி சாப்பிடப் போகும் நேரம் அது. கதவு பூட்டியிருந்ததால் பக்கத்துச் சுவர் வழியாக ஏறினேன். சுவர் என் தோளுயரம். ஏறுவதற்கு எட்டு நிமிடம் ஆயிற்று. இறங்கியது தானாக நடந்தது. உள்ளே வேறு பல வீடுகளின் அட்டைகளும் கலந்து நாலைந்து அடுக்குகளாக இருந்தன. ஆறு அட்டைகளைக் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். ஏழாவதற்கு ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளை வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பக்கத்தில் விழாமல் போன ஒற்றைப் புள்ளியைத் தேடிப் பழகிய கண் என்பதால் நூற்றுப் பத்தாவது அட்டையில் கிடைத்தது. தேடும்போது வேறு வீட்டு அட்டைகளிலும் கறைகள் இருந்தன. அவற்றை யார் எதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ என்று தோன்றியதால் எல்லாவற்றையும் முன்போலவே அடுக்கிவைத்துவிட்டு வந்தேன். கிடங்குக் கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்கக்கூடியது என்பதை வெளியே வரும்போதுதான் கவனித்தேன்.

அட்டைகளைக் கொண்டுவருவதற்கு மனைவியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். ஏழு அட்டைகளையும் அதில் நிமிர்த்தி உட்காரவைத்து, வெயில் படாமல் போர்வை போர்த்தினேன். கடைத்தெரு வழியாக வந்தேன். மருந்துக் கடைக்காரர் உள்ளிருந்தபடியே, “அம்மாவைக் காத்தாட வெளிய கூட்டிட்டு வந்தீங்களா சார்? எப்படி இருக்காங்க?” என்றார். “இப்பக் கொஞ்சம் பரவாயில்ல” என்றேன். அது பொய்யல்ல. பெரிய சாலையைக் கடக்கையில் பணியில் இருந்த காவலர் ஒருவர் இரு பக்கமும் வண்டிகளை நிறுத்தி, தாமே நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்து நடைபாதையில் ஏற்றிவிட்டார். “பாத்து, அம்மாவுக்குக் குலுங்கப் போகுது” என்றும் சொன்னார். அந்தக் காவலர் யார் என்று எனக்கு அடையாளம் காட்ட விருப்பமில்லை. அவர் இந்த அறையில் ஏணி மேல் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை.

அதன் பிறகு அட்டைகளைக் கூரையில் மாட்டும் வேலை மூன்று நாள் பகலில் நடந்தது. நான் ஏணியில் ஏறி அட்டையைத் தூக்கிப் பிடிப்பேன். என் மனைவி பார்ப்பாள். இடம் தப்பென்றால் கண்ணை மூடுவாள். ஒரு விரற்கடை நகர்த்துவேன். திறந்து பார்த்து மறுபடி மூடுவாள். சரியான இடம் வந்ததும் மூடமாட்டாள். அங்கே திருகாணியை முடுக்குவேன். அச்சகத்தில் எந்த ஆசிரியரும் என்னிடம் இவ்வளவு கறாராக மெய்ப்புப் பார்த்ததில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டது யார் என்று கேட்கப்படுகிறது. யாரும் பிடிக்கவில்லை. ஏணி நல்ல ஏணி, தானாக நின்றது. நர்ஸம்மா அந்த நேரம் சமையலறையில் இருந்தார். “சார், இடது காலைக் கீழ்ப் படியில வைங்க, நீங்களும் விழுந்து படுத்தா ரெண்டு பேரைத் தூக்க எனக்குத் தெம்பில்ல” என்று அவர் சொன்னது சமையலறையிலிருந்துதான்.

ஏழாவது அட்டையை மாட்டி நான் இறங்கியதும் என் மனைவி முதலில் பார்த்தது ஒட்டுப் போட்ட அட்டையை. மகளைப் போனில் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்.  மகள், “அந்த ஒட்டுப் போட்ட அட்டை நான்தானாம்மா?” என்று கேட்டாள். “‘மேல பாரேன்’னு நான் சொன்னப்ப நீ அதைத்தான் தேடினியா?” என்று கேட்டாள். என் மனைவி கண்ணை மூடவில்லை. அதைப் போனில் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

இதற்கிடையில் காண்ட்ராக்டர், தம் தொழில்போட்டிக்காரர் ஒருவர் கிடங்கில் புகுந்துவிட்டதாகச் சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. முந்தாநாள் அவர் ஒரு வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு, தாம் செய்த கூரையைக் காட்டுவதற்கு என் வீட்டுக்கு வந்தார். படுக்கையறைக்குள் வந்து மேலே பார்த்தார். வாடிக்கையாளரும் பார்த்தார். அந்த வாடிக்கையாளர் அதன் பிறகு எங்கே போனார் என்று தெரியவில்லை. காண்ட்ராக்டர், “திருடினதுகூடப் போகட்டும் சார். இப்படிக் கோணலா மாட்டி வச்சிருக்கீங்களே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நேரா மாட்டிக் குடுத்திருப்பேனே!” என்றார். சொல்லியிருந்தேன் என்பதை நான் நினைவூட்டவில்லை. அவர் ஏணியில் ஏறி, கூஜா அட்டையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, அதை நேராக்கத் திருகாணியில் கை வைத்தார்.

அப்போது என் மனைவி கதவுக்கு மேலே இருந்த அட்டையைப் பார்த்தாள்.

“உங்களைக் கிளம்பச் சொல்றாங்க” என்றேன்.

“யாரு? அவங்க பேசவே இல்லையே சார்.”

“இப்பத்தான் பேசினாங்க.”

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் பார்க்கும் அட்டையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். ஏணியிலிருந்து இறங்கினார். “நேரா மாட்டினா இடம் மாறிடுமாம்மா?” என்று நேரடியாக அவளிடமே கேட்டார். இந்த அறைக்கு வந்தவர்களில் என்னைக் கேட்காமல் அவளைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவள் கண்ணை மூடவில்லை. அவர் ரசமட்டத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். நேற்றுக் காலையில் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லியிருக்கிறார். பொருள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டதால், அதைக் கைப்பற்றி, எடுத்தவரின் வாக்குமூலத்தையும் வாங்கிய பிறகே புகாரைத் திரும்பப் பெற முடியும் என்று அங்கே விளக்கப்பட்டது. அதன்படி இன்று எல்லோரும் வந்திருக்கிறார்கள்.

சுவர் ஏறியதும் அட்டைகளை எடுத்ததும் நான்தான். ஒன்பதாவது விதிப்படி அவை என்னுடையவை அல்ல. தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். தொண்டிப் பொருளை இப்போது இருக்கும் இடத்திலேயே வைத்துப் பாதுகாக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். கழற்றினால் மறுபடி மாட்டலாம் என்று காவலர் சொன்னார். மாட்டலாம். ஆனால் அது காவல் நிலைய அலமாரியில் இருக்கும் நாட்களில் இந்த வழக்கின் ஒரே கண்கண்ட சாட்சிக்குப் பேச்சு இருக்காது. அவள் சும்மா இருக்கப் பழகியவள் அல்ல.

வாக்குமூலம் இத்துடன் முடிகிறது என்று நான் சொன்ன பிறகு, உதவி ஆய்வாளர் அதை முதலிலிருந்து உரக்கப் படித்துக்காட்டினார். என் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏணி தானாக நின்றது என்ற இடம் வந்தபோது அவள் இடது மேல் மூலையைப் பார்த்தாள். கட்டில் பக்கத்தில் நின்ற நர்ஸம்மா, “அக்கா, என்னைய எதுக்கு மாட்டிவிடறீங்க!” என்றார். உதவி ஆய்வாளர் நிமிர்ந்து அந்த அட்டையைப் பார்த்து, ஏணி பற்றிப் புகாரில் எதுவும் இல்லாததால் அந்த வரி அப்படியே இருக்கட்டும் என்றார்.

(மேலே உள்ள பத்தியும் இனி வருவதும் படித்துக்காட்டியபின் சேர்க்கப்பட்டவை.) ஏழாவது அட்டையின் பொருள் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்த வரியை, பின்னால் ஒரு சந்தேகம் வந்து, உதவி ஆய்வாளர் இரண்டாம் முறை படித்தார். என் மனைவி மறுபடியும் கிழிந்த மூலை அட்டையைப் பார்த்தாள். அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அறையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அதன் பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காவலர் ஏணியிலிருந்து இறங்கி, ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். தொண்டிப் பொருள் கூரையிலேயே என் பொறுப்பில் விடப்படுவதாக உதவி ஆய்வாளர் தனித்தாளில் எழுதினார். எண்ணிக்கை ஏழு என்று எழுதியிருக்கிறாரா என்று சரிபார்த்துக்கொண்டேன்.

ஆகவே மேற்படி வரியை மட்டும் இவ்வாறு திருத்திக்கொள்கிறேன்: ஏழாவது அட்டையின் பொருள் எனக்குத் தெரியும். அது என்ன என்பது வழக்குக்குத் தேவையில்லை என்று உதவி ஆய்வாளர் கூறினார்.

இந்தத் திருத்தத்துடனும், ஏணி நீங்கலாகவும், மேலே கண்டவை அனைத்தும் உண்மை. என் மனைவி முன்னிலையில் இருமுறை படிக்கக் கேட்டு, அவள் கண்ணை மூடாததைப் பார்த்த பிறகு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பதினேழாம் எண் வீட்டுக்காரர்